இயர்போனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? மாச வாடகைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்

உங்க போன் என்ன விலைன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. கடந்த அஞ்சு வருஷத்துல இயர்போனுக்கு மட்டும் மொத்தமா எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டா? நீங்க வழக்கமா வாங்குற ஆப்பைத் திறந்து, பழைய ஆர்டர்கள்ல "இயர்"னு ஒரு தடவை தேடிப் பாருங்க. 399 ரூபாய் ஒயர் ரெண்டு, 999 ரூபாய் நெக்பேண்ட் ஒண்ணு, தீபாவளி ஆஃபர்ல வாங்கின 1,299 ரூபாய் பட்ஸ், அதுல வலது பக்கம் தொலைஞ்சதும் வாங்கின இன்னொரு பட்ஸ்னு வரிசையா வரும். கூட்டிப் பார்த்தா பலருக்கும் அஞ்சாயிரம், ஆறாயிரம் தாண்டும். ஆனா இன்னைக்கு கையில இருக்கிறது, ஒரு பக்கம் சத்தம் கம்மியா வர்ற ஒரே ஒரு ஜோடி.

அதனால இயர்போனை "வாங்குற பொருள்"னு பார்க்காம, வாடகைக்கு எடுக்குற பொருள்னு பாருங்க. விலையை, அது உழைக்கப்போற மாசத்தால வகுத்தா வர்றதுதான் உங்க மாச வாடகை. ரெண்டாயிரம் ரூபாயா இருபதாயிரம் ரூபாயாங்கிற கேள்விக்கு இந்தக் கணக்குல கிடைக்கிற பதில், கடை ஷெல்ஃப்ல இருக்கிற வரிசைக்கு நேர்மாறா வரும்.

பேட்டரிதான் ஆயுசு

ஒயர் இல்லாத பட்ஸ்ல ஒவ்வொரு பக்கமும் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி இருக்கு. பெரும்பாலும் 30லேர்ந்து 60 எம்ஏஎச். உங்க போன் பேட்டரி 5,000னா, இது அதுல நூறுல ஒரு பங்கு. இந்த வகை பேட்டரி, சுமார் 500 முழு சார்ஜ் சுழற்சிக்கு அப்புறம் நல்லாவே தளர ஆரம்பிக்கும். ஒரு தடவை சார்ஜ் பண்ணா அஞ்சு மணி நேரம் ஓடுற பட்ஸ்னு வெச்சுக்கங்க. காலைல ட்ரெயின்ல ஒரு மணி நேரம், ஆபீஸ்ல மீட்டிங் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் திரும்பி வரும்போது ஒரு மணி நேரம், நைட்டு படுத்துட்டு ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு சுழற்சி முடிஞ்சிடுச்சு. அப்போ 500 சுழற்சிங்கிறது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி.

கேஸ்ல போட்டுப் போட்டு எடுக்கிறதால சுழற்சி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனா விஷயம் மாறாது. இரண்டாவது வருஷக் கடைசியில அஞ்சு மணி நேரம் மூணு மணி நேரமா ஆகும். ஒரு பக்கம் முன்னாடியே செத்துப்போகும். எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறதால தெருமுனை போன் ரிப்பேர் கடைல கூட பேட்டரி மாத்தித் தர மாட்டாங்க. ஃபேர்போன்னு ஒரு நெதர்லாந்து கம்பெனி 2024ல பயனரே பேட்டரியைக் கழட்டி மாத்துற மாதிரி ஒரு பட்ஸ் கொண்டு வந்தாங்க. அப்படி செய்ய முடியும்ங்கிறதுக்கு அதுவே சாட்சி. மத்தவங்க செய்யறதில்ல, அவ்வளவுதான்.

இப்போ கணக்கு. 1,500 ரூபாய் பட்ஸ், 18 மாசம் உழைச்சா, மாச வாடகை 83 ரூபாய். 20,000 ரூபாய் பட்ஸ், நல்ல பேட்டரி, பொறுமையா பார்த்துக்கிட்டீங்க, மூணு வருஷம் ஓட்டினீங்க: மாசம் 555 ரூபாய். அடுத்து ஒயர் இயர்போன். அதுவும் கேபிளைக் கழட்டி மாத்துற வகை, 2,000 ரூபாய். போன்ல ஜாக் இல்லாததால யூஎஸ்பி-சி கன்வெர்டர் ஒண்ணு 900. இடையில ஒரு தடவை புது கேபிள் 600, ரப்பர் டிப் 300. மொத்தம் 3,800. அதுல பேட்டரியே கிடையாது, அஞ்சு வருஷம் தாராளமா வரும். மாசம் 63 ரூபாய்.

இந்த மூணுல எது நல்லா கேட்கும்னு கேட்டா, 63 ரூபாய் வாடகைக்காரர் 555 ரூபாய்க்காரரோட சரிக்குச் சரி நிப்பார். 83 ரூபாய்க்காரர் பக்கத்துலயே வர மாட்டார். சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க, காரணம் இருக்கு.

விலைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் எவ்வளவு?

2017ல அமெரிக்க ஒலியியல் சங்கத்தோட ஆய்விதழ்ல யெரூன் ப்ரேபார்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை போட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட ஹெட்போன், இயர்போன்களை அளந்து, ஒவ்வொண்ணும் தாழ்ந்த சத்தத்துலேர்ந்து உயர்ந்த சத்தம் வரைக்கும் எப்படிக் கொடுக்குதுன்னு பார்த்து, அதை விலையோட ஒப்பிட்டார். ரெண்டுக்கும் தொடர்பே இல்லைங்கிறதுதான் கட்டுரையோட தலைப்பே. விலை கூடினா கட்டுமானம் நல்லா இருக்கலாம், மைக் நல்லா இருக்கலாம், சத்தம் அடக்குற வசதி இருக்கலாம். ஆனா பாட்டு சீரா கேட்கிறதுக்கு விலை உத்தரவாதம் இல்லை.

இன்னொரு பக்கம், ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவோட குழு வருஷக்கணக்கா ஆட்களை உட்கார வெச்சு, எந்த ட்யூனிங் பெரும்பாலான காதுக்குப் பிடிக்குதுன்னு சோதிச்சு வெளியிட்டாங்க. அந்த வளைவுக்குப் பேரே ஹார்மன் டார்கெட். இது பொதுவெளிக்கு வந்ததும், சீனாவுல இருக்கிற சின்னச் சின்ன கம்பெனிகள் அதை ஒட்டி இருபது டாலர் இயர்போன் செய்ய ஆரம்பிச்சாங்க. மூன்ட்ராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ 2, ட்ரூத்இயர், கேஇசட் மாதிரி பேரெல்லாம் இந்தக் கூட்டம். மேடையில பாடகர்கள் காதுல போட்டுக்கிற மானிட்டர் மாதிரியே இருக்கிறதால இதுக்கு ஐஇஎம்னு பேரு. ஒயர் காதுக்கு மேல சுத்திப் போகும். முதல் ரெண்டு நாள் எரிச்சலா இருக்கும், அப்புறம் பழகிடும்.

அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற எண்களை நம்பி வாங்காதீங்க. "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ்"னு 300 ரூபாய் பொருள்லயும் இருக்கும், 30,000 ரூபாய் பொருள்லயும் இருக்கும். 13 எம்எம் டிரைவர், 10 எம்எம் டிரைவரை விட நல்லா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. தங்கநிற ஹை-ரெஸ் ஸ்டிக்கர் 40,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் வரும்னு சொல்லுது. மனுஷக் காதுக்கு 20,000 தான் உச்சவரம்பு, வயசாக வயசாக அதுவும் குறையும். நாய்க்கு வாங்குறதா இருந்தா யோசிக்கலாம்.

காதுல சரியா உட்காரலைன்னா எல்லாமே வீண்

இன்-இயர் வகையில சத்தத்தோட தரத்தை முடிவு பண்றதுல பாதி, பெட்டிக்குள்ள சின்ன கவர்ல வர்ற அந்த ரப்பர் டிப்தான். பெரும்பாலானவங்க ஏற்கனவே மாட்டியிருக்கிற நடு சைஸை அப்படியே போட்டுட்டு, மத்ததை டிராயர்ல போட்டுடுவாங்க. காதும் டிப்பும் சேர்ற இடத்துல ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் பேஸ் முழுசும் வெளிய ஓடிடும். "பேஸே இல்லை, வேஸ்ட்"னு திட்டு வாங்குற இயர்போன்ல பலது டிப் மாத்தினா சரியாகிடும்.

சோதிக்கிறது சுலபம். பேஸ் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, ரெண்டு பக்கத்தையும் விரலால மெதுவா உள்ள அழுத்துங்க. அழுத்தும்போது பேஸ் திடீர்னு கூடுச்சுன்னா, உங்க டிப் சைஸ் சரியில்லைன்னு அர்த்தம். அடுத்த சைஸ் போட்டுப் பாருங்க. இடது காதுக்கு ஒரு சைஸ், வலதுக்கு வேற சைஸ் வேண்டியிருக்கலாம். நிறைய பேருக்கு அப்படித்தான். சிலிகான் நிக்கவே இல்லைன்னா ஃபோம் டிப் வாங்கலாம். உருட்டி உள்ள வெச்சா உப்பி அடைச்சுக்கும். ஆனா நம்ம ஊர் வியர்வைக்கு அது சில மாசத்துல நைஞ்சு போகும், அந்தச் செலவையும் வாடகையில சேர்த்துக்கங்க.

இது வெறும் பேஸ் பிரச்சினை இல்லை. தாம்பரம் – பீச் லோக்கல்ல கதவோரம் நிக்கறீங்க. வெளிச்சத்தம் உள்ள வந்தா என்ன பண்ணுவீங்க? வால்யூமை ஏத்துவீங்க. சத்தம் கேட்கணும்னு இல்லை, ரயில் சத்தத்தை ஜெயிக்கணும்னு ஏத்துவீங்க. இங்கதான் பெரிய செலவு ஒளிஞ்சிருக்கு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வெச்சிருக்கிற அளவு இது: 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83ல 20 மணி நேரம். 86ல 10 மணி நேரம். 89ல 5 மணி நேரம். இதை பட்ஜெட் மாதிரி பாருங்க. தினம் போக வர ரெண்டு மணி நேரம், வாரம் அஞ்சு நாள்னா பத்து மணி நேரம். 86 டெசிபல்ல கேட்டா உங்க வாரச் சம்பளம் முழுக்க ட்ரெயின்லயே செலவாகிடுச்சு. மீட்டிங்குக்கும் நைட்டு பாட்டுக்கும் மிச்சமே இல்லை. 89ல கேட்டா புதன்கிழமை காலையிலயே பணம் தீர்ந்துடும், அதுக்கு அப்புறம் கடன்தான்.

இந்தக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது. உள்காதுல இருக்கிற நுண்ணிய முடிச் செல்கள் ஒரு தடவை செத்தா மறுபடி முளைக்காது. முதல்ல உயர்ந்த சத்தங்கள் போகும். கூட்டத்துல பேசறவங்க வார்த்தை தெளிவா விழாது, "என்ன? என்ன?"ன்னு கேட்பீங்க. காதுல விடாம ஒரு கீச்சுச் சத்தம் வர ஆரம்பிக்கலாம். காது கேட்கும் கருவி விலை என்னன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க, இருபதாயிரம் ரூபாய் பட்ஸ் சின்னதாத் தெரியும்.

ஐபோன்ல ஹெல்த் ஆப்புக்குள்ள ஹெட்போன் சத்த அளவு பதிவாகியிருக்கும், போய்ப் பாருங்க. ஆப்பிள் பட்ஸ் போட்டா அந்த எண் ஓரளவுக்குச் சரியா இருக்கும், மத்ததுக்கு உத்தேசம்தான். ஆண்ட்ராய்டு வெச்சிருக்கவங்க சுலபமா ஒண்ணு செய்யலாம். அமைதியான ரூம்ல உங்களுக்கு வசதியான வால்யூமை வெச்சுட்டு எத்தனை கோடுன்னு பாருங்க. ட்ரெயின்ல அதுக்கு மேல நாலஞ்சு கோடு போகுதுன்னா, உங்க இயர்போன் வெளிச்சத்தத்தை அடைக்கலைன்னு அர்த்தம்.

நல்லா உட்கார்ந்த இன்-இயர், பேட்டரி எதுவும் இல்லாமலே, வெறும் அடைப்பாலேயே வெளிச்சத்தத்தைக் கணிசமா குறைச்சிடும். ஏஎன்சிங்கிறது அதுக்கு மேல ஒரு உதவி. பஸ் இன்ஜின், ரயில் உறுமல், ஏசி இரைச்சல் மாதிரி ஒரே சீரா வர்ற தாழ்ந்த சத்தத்தை அது நல்லா அடக்கும். பக்கத்து சீட்டுக்காரர் போன்ல கத்துறதை அவ்வளவா அடக்காது. அதை எதிர்பார்த்து ஏஎன்சிக்குப் பணம் கொடுக்காதீங்க. ஒரு விஷயம்: அடைப்பு நல்லா இருக்குன்னா ஹாரனும் கேட்காது. ரோடு தாண்டும்போதும், முக்கியமா தண்டவாளம் தாண்டும்போதும், ரெண்டு காதுலேர்ந்தும் கழட்டி கையில வெச்சுக்கங்க.

அப்போ ஒயர்தானா? பட்ஸ் வேண்டாமா?

அப்படிச் சொல்லல. பாட்டு கேட்கிறதுதான் முதல் வேலைன்னா ஒயர். 1,500லேர்ந்து 2,500க்குள்ள, கேபிள் கழட்டுற ஐஇஎம் ஒண்ணு போதும். ஒயர் இயர்போன் சாகிறது பெரும்பாலும் ஜாக் பக்கத்துல ஒயர் உள்ளுக்குள்ள அறுந்துதான். அதனால கேபிள் கழட்ட முடியும்ங்கிறது ஆடம்பரம் இல்லை, அதுதான் ஆயுள் காப்பீடு. புது கேபிள் வாங்கும்போது பின் அளவைப் பார்த்துக்கங்க: நிறைய மாடல்ல 0.78 மி.மீ. டூ-பின், கேஇசட்ல 0.75. மைக் வெச்ச கேபிள், மைக் இல்லாத கேபிள்னு ரெண்டு வரும். நூறு இருநூறு கூடக் கொடுத்து மைக் வெச்சதையே எடுங்க. போன்ல ஜாக் இல்லைன்னா, கன்வெர்டர் வாங்கும்போது உள்ள டிஏசி சிப் இருக்கான்னு விவரத்துல படிங்க. நூறு ரூபாய்க்கு விக்கிற பல கன்வெர்டர்ல அது இருக்காது, சில போன்ல வேலையே செய்யாது.

நாள் முழுக்க கால், நடந்துகிட்டே மீட்டிங், ஜிம் இதெல்லாம்தான் உங்க வேலைன்னா, பட்ஸோ நெக்பேண்டோதான் சரி. அங்க நீங்க காசு கொடுக்கிறது பாட்டுக்கு இல்லை, மைக்குக்கும் வசதிக்கும். லேப்டாப், போன் ரெண்டுலயும் ஒரே நேரத்துல இணையுற மல்டிபாயிண்ட் இருக்கான்னு பாருங்க. ஆபீஸ்காரங்களுக்கு எல்டிஏசியை விட இதுதான் பெரிய வசதி. வியர்வைக்கு ஐபிஎக்ஸ்4 குறைஞ்சபட்சம். எல்டிஏசி, நொடிக்கு 990 கிலோபிட் வரைக்கும் அனுப்பும், நல்லதுதான். ஆனா ஐபோன்ல அது கிடையாது. ஐபோன் வெச்சுட்டு எல்டிஏசிக்குன்னு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறவங்க இருக்காங்க.

லேப்டாப்ல மீட்டிங் ஆரம்பிச்ச உடனே எல்லாச் சத்தமும் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகுதே, பட்ஸ் பழுதான்னு சிலருக்குச் சந்தேகம் வரும். பழுது இல்லை. சாதாரண புளூடூத்ல மைக் ஆன் ஆனதும் அது பாட்டு முறையிலேர்ந்து போன் பேசுற முறைக்கு மாறிடும், தரம் இறங்கிடும். லேப்டாப்போட மைக்கையே மீட்டிங் செட்டிங்ல தேர்ந்தெடுத்தீங்கன்னா பட்ஸ்ல சத்தம் பழையபடி நல்லா வரும். புது பட்ஸ் வாங்குற செலவு மிச்சம்.

நெக்பேண்டை யாரும் ஸ்டைலா பார்க்கிறதில்லை, ஆனா வாடகைக் கணக்குல அது கெட்டிக்காரன். பேட்டரி பெருசு, சுழற்சி மெதுவாத்தான் ஓடும், ஒரு பக்கம் மட்டும் தொலையவும் தொலையாது.

12,000 ரூபாய் பட்ஸ், மாசம் 2,000 தானே?

நோ-காஸ்ட் இஎம்ஐக்கு வருவோம். 12,000 ரூபாய், ஆறு மாசம், மாசம் 2,000. வட்டி இல்லைன்னு எழுதியிருக்கும். நடக்கிறது என்னன்னா, கடைக்காரர் வட்டி அளவுக்கு முன்னாடியே தள்ளுபடி கொடுத்துடுறார், பேங்க் உங்ககிட்ட வட்டியை வாங்கிக்குது. வருஷத்துக்கு 15 சதவீதம்னு வெச்சா அந்த வட்டி சுமார் 508 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 91 ரூபாய், உங்க தலையில. ப்ராசஸிங் கட்டணம் 199னு வெச்சுக்கங்க, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 326 ரூபாய் கூட. இதோட முழுப்பணம் கட்டினா கிடைச்சிருக்கக்கூடிய கார்டு தள்ளுபடி ஏதாவது போயிருந்தா, அதையும் கூட்டிக்கங்க.

326 ரூபாய்ல வீடு மூழ்கிடாது. பிரச்சினை வேற. கைக்கு 32,000 வர்ற ஒருத்தருக்கு போன் இஎம்ஐ, பைக் இஎம்ஐ, இதுன்னு மூணு சின்ன இஎம்ஐ சேர்ந்தா, மாசம் பிறந்த அஞ்சாம் தேதியே சம்பளத்துல ஒரு பெரிய துண்டு போயிருக்கும். காதுல மாட்டுற பொருளுக்கு நான் வெச்சிருக்கிற கோடு இது: ஒரே தடவை பணம் கட்டி வாங்க முடியலைன்னா அந்த விலைப் பொருள் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. மாசம் 500 ரூபாய் தனியா எடுத்து வைங்க. நாலு மாசத்துல நல்ல ஐஇஎம் வந்துடும், கன்வெர்டர் உட்பட ஆறு மாசம்.

வாங்கின முதல் வாரம்

ஆன்லைன்ல வாங்கும்போது ரிட்டர்னா, ரீப்ளேஸ்மென்ட்டானு முதல்ல படிங்க. இயர்போனுக்கு நிறைய இடத்துல பணம் திரும்பத் தர மாட்டாங்க, அதே பொருளை மாத்தித் தர்றதோட சரி. வெளிநாட்டுச் சின்ன பிராண்டுன்னா, பில் இந்தியாவுல இருக்கிற விற்பனையாளர் பேர்ல இருக்கான்னு பாருங்க. பார்சல்ல வர வெச்சது இருநூறு ரூபாய் மலிவா இருக்கும், ஒரு பக்கம் நின்னு போச்சுன்னா யார்கிட்ட போறதுன்னு தெரியாது.

பொருள் வந்ததும் ஒரு வாரம் சோதிங்க, புதுப் பாட்டு போட்டு இல்லை, நூறு தடவை கேட்ட பாட்டு போட்டு. இளையராஜா பாட்டு ஒண்ணு எடுத்து, பாட்டை விட்டுட்டு பேஸ் கிட்டார் பின்னாடியே போங்க. ஒவ்வொரு சுரமும் தனித்தனியா விழணும், மொத்தமா "டும்"னு மொத்தக்கூடாது. மிருதங்கம் உள்ள கச்சேரிப் பதிவு இருந்தா இன்னும் நல்லது: தொப்பி பக்கம் உருண்டையா கேட்கணும், வலந்தலை கணீர்னு இருக்கணும், ஆனா காதைக் குத்தக்கூடாது. ஸ, ஷ வர்ற இடத்துல பாடகி குரல் சீறுதான்னு பாருங்க. சீறினா அந்தக் கூர்மை பழகிடும்னு நினைக்காதீங்க, ஒரு மாசத்துல தலைவலி வரும்.

ஒரே பேச்சை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கேளுங்க, சத்தம் சமமா இருக்கணும். மைக்ல ஃபேன் ஓடும்போது ஒரு நிமிஷம் பேசி ரெக்கார்டு பண்ணி, நீங்களே கேளுங்க. ரெண்டு மணி நேரம் தொடர்ந்து போட்டுப் பாருங்க. காது வலிச்சா அது எவ்வளவு நல்லா பாடினாலும் டிராயருக்குத்தான் போகும். பில்லை மெயில்லயும் போட்டோவாவும் வெச்சுக்கங்க. வாரண்டி இருந்தும் அலைக்கழிச்சா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அங்க புகார் பதியலாம். ரீப்ளேஸ்மென்ட் தேதி முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன்ல ஒரு அலாரம் வைங்க, அன்னைக்கு ஒரு தடவை ட்ரெயின்ல போட்டுப் பார்த்துட்டு வெச்சுக்கிறதா, அனுப்புறதான்னு முடிவு பண்ணுங்க.